கட்டளையும் கையெழுத்தும்: கோட்டாபய ராஜபக்ஷவின் ஏற்றமும் வீழ்ச்சியும், ஓர் எளிய அறிமுகம்

இலங்கை ஜனாதிபதி, இந்தியக் குடியரசுத் தலைவரைப்போல அமைச்சரவை சொல்வதற்குக் கையெழுத்திடும் ஒருவர் அல்ல. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி நாட்டின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி ஆகிய மூன்றும் அவர் ஒருவரே. அமைச்சரவைக் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்குவார். இதைத்தான் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறை என்கிறோம். இவ்வளவு அதிகாரமும் ஒரு கையில் இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு ஒரு முன்னாள் படை அதிகாரியைக் கொண்டுவந்து வைத்தபோது என்ன நடந்தது என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

கோட்டாபய ராஜபக்ஷ 2019 நவம்பர் 18ஆம் திகதி பதவியேற்றார். 2022 ஜூலை 14ஆம் திகதி விலகினார். ஐந்தாண்டுப் பதவிக்காலத்தில் இரண்டு ஆண்டும் எட்டு மாதமும்கூட முழுதாக ஓடவில்லை. இந்தக் கதை பொதுவாகக் கொழும்பின் போராட்டக் களமான காலிமுகத்திடலில் இருந்துதான் சொல்லப்படுகிறது. மலையகத்து ஹட்டனிலோ வெலிமடையிலோ இருந்து பார்த்தால் அது ஒரு வருடம் முன்னதாகவே, உரமூட்டையில் தொடங்கிவிட்டது.

படையிலிருந்து செயலாளர் நாற்காலிக்கு

மாத்தறை மாவட்டத்தில் 1949இல் பிறந்த அவர் 1971இல் இராணுவத்தில் சேர்ந்தார். கஜபா படைப்பிரிவில் பணியாற்றினார், 1987இல் வடமராட்சிப் படை நடவடிக்கையில் பங்கெடுத்தார். மலையகத்தோடு அவருக்கு இருந்த நேரடித் தொடர்பு 1989இல் வந்தது. ஜே.வி.பி. எனும் மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியை அரசு அடக்கிய அந்த நாட்களில் மாத்தளை மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் அவர். அங்கே காணாமற்போன இளைஞர்கள் பற்றிய கேள்விகள் இன்னும் ஓயவில்லை. 2012இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பதில் சர்ச்சை நீடிக்கிறது. தன்மீதான குற்றச்சாட்டுகளைக் கோட்டாபய எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார்.

இருபது வருட சேவைக்குப் பிறகு 1991இல் லெப்டினன்ட் கேணல் தரத்தில் ஓய்வு பெற்றார். 1998இல் அமெரிக்கா போய், லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சட்டக் கல்லூரியில் கணினிப் பிரிவில் வேலை பார்த்தார். 2003இல் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தார். அதே 2003இல்தான், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளியினரில் எஞ்சியிருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஐம்பத்தைந்து வருடம் காத்திருந்த லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பங்களுக்கு ஒரு குடியுரிமை கிடைத்த ஆண்டில், பின்னாளில் நாட்டை ஆளப்போகிறவர் இன்னொரு நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்துகொண்டிருந்தார்.

2005 நவம்பரில் அண்ணன் மஹிந்த ஜனாதிபதியானதும் தம்பி பாதுகாப்புச் செயலாளர் ஆனார். இது தேர்தலில் நின்று பெறும் பதவி அல்ல, ஜனாதிபதியின் நியமனம். 2006 டிசம்பரில் கொள்ளுப்பிட்டியில் அவரைக் குறிவைத்த தற்கொலைத் தாக்குதலில் தப்பினார். 2009 மே மாதம் போர் முடிந்தது. கடைசிக் கட்டத்தில் கொல்லப்பட்ட, சரணடைந்தபின் காணாமற்போன தமிழ் மக்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதிலிருந்தே அவரைத் தொடர்கிறது. போருக்குப் பின் நகர அபிவிருத்தி அதிகாரசபையும் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொழும்பின் நடைபாதைகள் துப்புரவாயின, பூங்காக்கள் வந்தன, குடிசைவாசிகள் அகற்றப்பட்டார்கள். “சொன்னால் செய்து முடிப்பவர்” என்ற பெயர் தெற்கில் நிலைத்தது. அந்தப் பெயர்தான் பின்னர் வாக்காக மாறியது.

ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜனாதிபதித் தேர்தலில் நிற்கும்வரை அவர் பிரதேச சபைக்குக்கூடப் போட்டியிட்டவரல்ல. வாக்காளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய அனுபவம் அவருக்கு இல்லை. கட்சியும் அவருடையதல்ல, பொதுஜன பெரமுன மஹிந்தவின் பெயரில், இன்னொரு சகோதரர் பசிலின் கட்டமைப்பில் எழுந்த கட்சி. பாராளுமன்ற உறுப்பினர்கள் நன்றிக்கடன்பட்டது அந்த இருவருக்கும்தான்.

69 இலட்சம் வாக்கு

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள். 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புலனாய்வுத் தகவல் கையில் இருந்தும் அரசாங்கம் கோட்டைவிட்டது வெளியானதும், பாதுகாப்பை உறுதிப்படுத்தும் ஓர் ஆள் வேண்டும் என்ற குரல் தெற்கெங்கும் எழுந்தது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் போட்டியிட முடியாது என்று 19ஆவது திருத்தம் தடுத்திருந்ததால், அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்துவிட்டுக் களமிறங்கினார்.

இங்கே தேர்தல் முறையைப் பற்றிக் கொஞ்சம். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களின் வாக்குச்சீட்டுகளில் உள்ள இரண்டாம், மூன்றாம் விருப்பங்கள் எண்ணப்படும். 2019 நவம்பர் 16இல் அதற்குத் தேவை வரவில்லை. கோட்டாபயவுக்கு 6,924,255 வாக்குகள், அதாவது 52.25 வீதம். சஜித் பிரேமதாசவுக்கு 5,564,239.

நுவரெலியா மாவட்டம் மாறி வாக்களித்தது. அங்கே சஜித்துக்குச் சுமார் 58 வீதம், கோட்டாபயவுக்கு 37 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. கண்டியிலும் பதுளையிலும் கோட்டாபய முன்னணி. தோட்டத்து அரசியலும் இரண்டாகப் பிரிந்திருந்தது: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் கோட்டாபயவோடு, தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித்தோடு. வென்றவர் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாய முன்றலில் பதவியேற்றார். தமிழ், முஸ்லிம் வாக்கு இல்லாமலே ஜனாதிபதியாகலாம் என்று அந்தக் கணக்குக் காட்டிவிட்டது. அவரும் அதை மறைக்காமல் அன்றைய உரையிலேயே சொன்னார்.

படையணியைப் போல ஒரு அரசாங்கம்

மஹிந்தவைப் பிரதமராக்கினார். 2020 ஓகஸ்டில் நடந்த பொதுத்தேர்தலில் பெரமுனவுக்கு 145 ஆசனங்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் 156 வாக்குகளோடு 20ஆவது திருத்தம் நிறைவேறியது. எதிர்க்கட்சிப் பட்டியலில் பதுளையிலிருந்து தெரிவான ஒரு மலையக உறுப்பினரும் ஆதரவாகக் கையுயர்த்தினார் என்பது இங்கே பலருக்கும் நினைவிருக்கும். அந்தத் திருத்தம் செய்தது இதுதான்: சுயாதீன ஆணைக்குழுக்களுக்கும் உயர் பதவிகளுக்கும் ஆட்களைத் தெரிவதில் அரசியலமைப்புப் பேரவைக்கு இருந்த பிடியை நீக்கியது, அதன் இடத்தில் கருத்து மட்டும் சொல்லக்கூடிய ஒரு பாராளுமன்றப் பேரவை வந்தது. ஜனாதிபதி அமைச்சுகளையும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். பாராளுமன்றத்தை நாலரை வருடத்துக்குப் பதில் இரண்டரை வருடத்தில் கலைக்கலாம். இரட்டைக் குடியுரிமைத் தடையும் போனது. அமெரிக்கக் குடியுரிமை கொண்ட பசில் 2021 ஜூலையில் நிதியமைச்சராக வர வழி திறந்தது.

நிர்வாகத்தில் படைச்சீருடை பெருகியது. கொவிட் தடுப்புச் செயலணிக்கு இராணுவத் தளபதி தலைவர். சுகாதாரம், விவசாயம் போன்ற அமைச்சுகளின் செயலாளர் கதிரைகளில் மேஜர் ஜெனரல்கள். 2021 ஓகஸ்ட் இறுதியில் அரிசிக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு வந்தபோது, அவசரகால விதிகளின் கீழ் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளராக நியமிக்கப்பட்டவரும் ஒரு மேஜர் ஜெனரலே. களஞ்சியங்களைச் சோதித்தார்கள், கட்டுப்பாட்டு விலை போட்டார்கள். விலை போட்ட மறுநாளே பொருள் கடையிலிருந்து மறைந்தது.

படையில் கட்டளை மேலிருந்து கீழே வேகமாக இறங்கும். “சேர், இது நடக்காது” என்ற பதில் கீழிருந்து மேலே ஏறுவது கடினம். போர்க்களத்தில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. விவசாயத்திலும் நிதியிலும் அந்தப் பதில்தான் உயிர். இதற்கு உரத்தடையை விடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஒரு மூட்டை யூரியா, ஒன்றரைத் தொன் கூட்டெரு

தேர்தல் விஞ்ஞாபனத்தில், இரசாயனம் இல்லாத சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து வருடம் என்றுதான் இருந்தது. 2021 ஏப்ரல் இறுதியில் ஜனாதிபதியின் யோசனைக்கு அமைச்சரவை இசைந்தது. மே 6ஆம் திகதி, இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி, அதாவது அரச இதழ் அறிவித்தல், வந்தது: இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் நாட்டுக்குள் வராது. இப்படியான ஒழுங்குவிதி பாராளுமன்றத்துக்குப் பிற்பாடு வரும், ஆனால் அதற்கு முன்பே நடைமுறைக்கு வந்துவிடும். வர்த்தமானியின் பலமும் ஆபத்தும் அதுவே.

தடைக்குச் சொன்ன காரணம் சுகாதாரம். சிறுநீரக நோய் பற்றிய கவலை பொய்யல்ல. ஆனால் உர இறக்குமதிக்குத் தேவையான டொலரும் அப்போது கரைந்துகொண்டிருந்தது. இரண்டாவது காரணம் மேடையில் அவ்வளவாக ஒலிக்கவில்லை.

ஏன் அது நடக்காத காரியம் என்பதைக் கணக்குப் போட்டாலே தெரியும். யூரியாவில் 46 வீதம் நைட்ரஜன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நைட்ரஜன் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு வீதம். ஒன்றரை வீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு 1,500 கிலோவுக்கு மேல் கூட்டெரு வேண்டும். லொறி போகும் வீதியில் இறக்கி, அங்கிருந்து செங்குத்து மலையில் தலைச்சுமையாகக் கொண்டுபோய் ஒவ்வொரு செடி அடியிலும் போட வேண்டும். அதையும் மழை அடித்துக்கொண்டு போகாமல் பார்க்க வேண்டும். இதற்கான ஆட்கூலியை யாரும் கணக்கிடவில்லை. கூட்டெருவில் உள்ள நைட்ரஜனும் உடனே கிடைக்காது. மண்ணில் சிதைந்து மெல்ல மெல்லத்தான் வெளிவரும். மலைநாட்டுக் குளிரில் அது இன்னும் மெதுவாக நடக்கும். கூட்டெரு மண்ணைத் திருத்தும், ஈரம் பிடிக்க வைக்கும், அதில் சந்தேகமில்லை. யூரியா செய்யும் வேலையை ஒரே போகத்தில் அது செய்யாது.

தேயிலையில் நாம் எடுப்பது பழமோ கிழங்கோ அல்ல, தளிர் இலை. ஒரு வாரம் பத்து நாளுக்கொரு முறை அதே செடியில் கைவைக்கிறோம். ஒவ்வொரு பறிப்பிலும் நைட்ரஜன் வெளியே போகிறது. உரம் நின்ற மறுவாரமே செடி படுத்துவிடாது. வேரிலும் தண்டிலும் சேமித்ததைச் செலவழித்துக்கொண்டிருக்கும். தோட்டங்களிடம் கொஞ்சம் கையிருப்பும் இருந்தது. அதனால் 2021இல் உற்பத்தி ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாகவே நின்றது. அடி விழுந்தது அடுத்த ஆண்டில். 2022இல் 251 மில்லியன் கிலோ. இலை மஞ்சளித்தது, தளிர் சிறுத்தது, மொட்டு விடாத மலட்டுக் கொழுந்து கூடியது, கவ்வாத்து வெட்டிய மலைகள் துளிர்க்கச் சுணங்கின. களைகொல்லி இல்லாததால் வரிசைகளுக்கு நடுவே புல் இடுப்பளவு ஏறியது. அட்டைக்கும் குளவிக்கும் பாம்புக்கும் அது வசதி.

இதன் பாரம் யார்மேல் விழுந்தது? 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை ஊடாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்தது: அடிப்படை 900, கொடுப்பனவு 100. இதுவும் தேர்தல் வாக்குறுதிதான், அதைக் கொடுத்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோட்டக் கம்பனிகள், தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின, பல தோட்டங்களில் நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தை 18, 20 கிலோ என்று ஏற்றின. செடியில் கொழுந்து குறையும் காலத்தில் நிறை கூடியது. நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வர்த்தமானியில் ஆயிரம், சம்பளச் சீட்டில் ஐந்நூறு.

மரக்கறிக்காரர் நிலை இன்னும் மோசம். தேயிலைபோல உருளைக்கிழங்கு காத்திருக்காது. மூன்று, நாலு மாதத்தில் முடியும் பயிர். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், கோவா போட்டவர்கள் நடுவதைக் குறைத்தார்கள். ஈரக் குளிரில் கிழங்குக்கு வரும் பின்வெளிறல் நோயை மருந்தடிக்காமல் தடுக்க வழியில்லை. 1,500 ரூபா அளவில் கிடைத்த யூரியா மூட்டை, 2022இல் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டி விற்றது.

சீனாவிலிருந்து 20,000 தொன் சேதன உரத்தோடு வந்த கப்பலில் எர்வினியா என்ற கிருமி இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், கடைசியில் 6.7 மில்லியன் டொலர் கொடுத்தே அந்த வழக்கு தீர்ந்தது. தேயிலைக்கு ஒக்டோபரில் தளர்வு, நவம்பர் 24இல் பொதுத் தளர்வு. அப்போது உலகச் சந்தையில் உர விலை ஏறியிருந்தது, வாங்க டொலரும் இல்லை. பெரும்போக நெல் அதற்குள் கெட்டுவிட்டது. கவனிக்க வேண்டியது, நெற்செய்கையாளரும் தென்பகுதிச் சிறு தேயிலைத் தோட்டக்காரரும் அந்த 69 இலட்சத்தின் முதுகெலும்பு. நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் தருவது சிறு தோட்டங்களே. அவர் தன் வீட்டுக் கூரையைத்தான் பிரித்தார்.

டொலர் எங்கே போனது

இதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் வற் வரி (பெறுமதி சேர் வரி) 15 வீதத்திலிருந்து 8 ஆனது. சம்பளத்தில் பிடிக்கும் வரி நீங்கியது. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வியாபார எல்லை வருடத்துக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியன் ரூபாவுக்கு உயர்ந்தது. வரி வருமானம் தேசிய உற்பத்தியில் 8 வீதம் அளவுக்குச் சரிந்தது. கடன் தரமதிப்பீடு இறங்கியது, வெளிச்சந்தையில் புதுக் கடன் வாங்கும் கதவு மூடியது. கொவிட் சுற்றுலாவை முடக்கியது. குறைக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டது. டொலரைச் செயற்கையாக 203 ரூபாவில் பிடித்து வைத்தார்கள். வெளியில் அதைவிட அதிகம் கிடைத்தபோது மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் பணம் வங்கியை விட்டு, உண்டியல் எனப்படும் வங்கிக்கு வெளியான கைமாற்று வழிக்குப் போனது. 2020இல் 7.1 பில்லியன் டொலராக வந்த பணம் 2021இல் 5.5 பில்லியனானது.

2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2022 மார்ச்சில் 1.9 பில்லியன், அதிலும் கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடியது சொற்பம். ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டதும் டொலர் சில வாரங்களில் 360 வரை போனது. கொழும்பில் காஸ் வரிசை பெரிய செய்தி. விறகில் சமைக்கும் லயத்தில் காஸ் அவ்வளவு பிரச்சினை அல்ல, அங்கே பிரச்சினை கோதுமை மாவும் மண்ணெண்ணெயும். மண்ணெண்ணெய் 87 ரூபா என்று விலைப்பலகையில் இருந்தது, கலன் நிரம்பவில்லை. ஆயிரம் ரூபா சம்பளம் வந்தபோது பத்துக் கிலோவளவில் மா வாங்கலாம். 2022 நடுப்பகுதியில் கிலோ 300ஐத் தாண்டியது. முழுப்பேர் விழுந்தாலும் மூன்று கிலோவளவே தேறும்.

கீழே இறங்கிய படிகள்

2022 மார்ச் 31 இரவு, 13 மணிநேர மின்வெட்டுக்கு நடுவே, மிரிஹானையில் அவருடைய வீட்டருகே கூட்டம் திரண்டது. மறுநாள் அவசரகாலநிலை. ஏப்ரல் 3இல் அமைச்சரவை விலகியது. 5ஆம் திகதி நாற்பதுக்கும் மேற்பட்ட ஆளுந்தரப்பு உறுப்பினர்கள் சுயாதீனமாக இயங்கப் போவதாக அறிவித்தார்கள், தொழிலாளர் காங்கிரஸும் விலகியது. இந்த நாள்தான் திருப்பம் என்பது எமது கணிப்பு. அவசரகாலநிலையைப் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும். அதற்குரிய எண்ணிக்கை இல்லாததால் அன்றிரவே அதை மீளப்பெற்றார். சட்டப்படி எல்லா அதிகாரமும் கையில் இருந்தது. பயன்படுத்த ஆள் இல்லை.

9ஆம் திகதி காலிமுகத்திடலில் ‘கோட்டா கோ கம’ (கோட்டாவே போ என்னும் கிராமம்) என்ற போராட்டக் கூடாரத் திடல் எழுந்தது. 18ஆம் திகதி, சர்வதேச நாணய நிதியத்திடம் முன்பே போகாததும் உரத்தடையும் தவறு என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுநாள் ரம்புக்கனையில், மலைநாட்டு ரயில் ஏற்றம் தொடங்கும் இடத்தில், எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக ரயில்பாதையை மறித்தவர்கள்மீது பொலிஸ் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். மே 9இல் மஹிந்தவின் ஆதரவாளர்கள் போராட்டக்காரரைத் தாக்கினார்கள். நாடெங்கும் எரிந்தது, மஹிந்த விலகினார். 12இல் ரணில் விக்கிரமசிங்க பிரதமர்.

ஏன் சட்டப்படி அகற்றவில்லை என்று கேட்பவர்களுக்கு: அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை குற்றப்பிரேரணைக்கு வழி தருகிறது. 225 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 150 பேர் கையெழுத்திட வேண்டும். பாதிப்பேர் கையெழுத்திட்டு, விசாரணைக்குத் தகும் என்று சபாநாயகர் கருதினாலும் போதும். பிரேரணை 150 வாக்கில் நிறைவேற வேண்டும். உயர் நீதிமன்றம் விசாரிக்கும். பிறகு மறுபடியும் 150 வாக்கு. மாதக்கணக்கு எடுக்கும். 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக எடுத்த முயற்சி முதற்படியிலேயே முறிந்தது. பெரமுன உறுப்பினர்கள் கோட்டாபயவைக் கைவிட்டார்களே ஒழிய, தங்கள் ஆசனத்தை ஆபத்தில் போட ஆயத்தமாக இல்லை.

ஆகவே வேலையை மக்கள் செய்தார்கள். ஜூலை 9இல் எரிபொருள் இல்லாத நாட்டில் ரயிலைப் பிடித்தும் லொறியில் ஏறியும் நடந்தும் இலட்சக்கணக்கானோர் கொழும்பு வந்து ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். படையினர் ஓரளவு கண்ணீர்ப்புகையும் சூடும் பாவித்தார்கள், பெருங்கூட்டத்தைக் கொன்று தடுக்க முனையவில்லை. அவர் வளர்ந்த படையே அவரைக் காப்பாற்றியது; பதவியைக் காப்பாற்றவில்லை. 13ஆம் திகதி விமானப்படையின் அன்டனோவ் விமானத்தில் மாலைதீவுக்கும், 14இல் சிங்கப்பூருக்கும் போனார்.

விலகல் எப்படிச் செல்லுபடியாகும் என்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. தன் கையொப்பத்தோடு சபாநாயகருக்கு எழுத வேண்டும் என்பது விதி. அவர் அனுப்பியது மின்னஞ்சல். மூலக்கடிதம் சிங்கப்பூரிலிருந்து வந்து, உறுதிப்படுத்திய பின்னரே 15ஆம் திகதி சபாநாயகர் அறிவித்தார். வெற்றிடம் வந்தால் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவு செய்து எஞ்சிய காலத்துக்கு நியமிக்கும். இந்த ஏற்பாடு 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது ஒருமுறை பயன்பட்டது; கண்டி மாவட்டத்துக்காரரான டி.பி. விஜேதுங்க அப்போது போட்டியின்றித் தெரிவானார். 2022 ஜூலை 20இல் போட்டி இருந்தது: ரணிலுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3. ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனம் வைத்திருந்த ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவர் ரணில், பெரமுனவின் வாக்கில் ஜனாதிபதியானார். 69 இலட்சம் பேரிடம் யாரும் திரும்பக் கேட்கவில்லை. சட்டம் அப்படித்தான்.

பிறகு

பதவியில் இருக்கும் ஜனாதிபதிமீது வழக்குத் தொடர முடியாத விலக்குரிமை, பதவி போனதும் போய்விடும். கோட்டாபய 2022 செப்டெம்பரில் நாடு திரும்பினார். 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வரின் பெரும்பான்மைத் தீர்ப்பில், பொருளாதாரச் சரிவுக்குக் கோட்டாபய, மஹிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்றும், மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்றும் தீர்த்தது. வழக்குச் செலவாக மனுதாரர்களுக்குத் தலா 150,000 ரூபா. அதற்கு முன், 2022 ஒக்டோபரில் நிறைவேறிய 21ஆவது திருத்தம் 20ஆவது திருத்தத்தின் பல பகுதிகளை மாற்றி, அரசியலமைப்புப் பேரவையையும் இரட்டைக் குடியுரிமைத் தடையையும் மீளக் கொண்டுவந்தது. நிறைவேற்று ஜனாதிபதிப் பதவி அப்படியே இருக்கிறது. தேயிலை உற்பத்தி 2023இல் 256, 2024இல் 262 மில்லியன் கிலோ.